அழுகினதை எடுத்துடுங்க

அக்டோபர் பத்தொன்பது ஆகியும் மூடுபனி வரவில்லை. ஊரில் மற்றவர்களெல்லாம் காலையில் ஜன்னலைத் திறந்து, "ஆஹா, என்ன வெயில்!" என்று கையை விரித்துக்கொண்டிருக்க, சோலாஞ் மட்டும் அதே வெயிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். மூன்று வாரமாக இதே கதை. காலையில் பனி, மதியம் வெயில், அவ்வளவுதான் அவள் கேட்டது. கீழே தோர்தோஞ் ஆற்றிலிருந்து பனி எழுந்து சரிவில் ஏறிக் கொடிகளை நனைத்துவிட்டு, பதினோரு மணிக்கு மரியாதையாகக் கிளம்பிப் போய்விட வேண்டும். அப்படிப் பத்து நாள் நடந்தால்தான் வெள்ளைத் திராட்சையில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால்தான் பழம் சுருங்கும். சுருங்கினால்தான் சாறு தேனாகும். மோன்பஸியாக் குன்றில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனிக்குத்தான் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், குன்றின் அந்தப் பக்கத்தில், அவள் தம்பி ரெஜிஸின் சிவப்புத் திராட்சையில் அழுகல் ஜோராகப் பிடித்திருந்தது. பூஞ்சை என்னவோ அதே பூஞ்சைதான். வெள்ளையில் பிடித்தால் வரம், சிவப்பில் பிடித்தால் சாபம். சிவப்புத் தொட்டியில் நாலு அழுகல் கொத்து விழுந்தால் போதும், தொட்டி முழுக்க ஈரச்சாக்கு வாடை அடிக்கும்.

"வேணாம்கிற இடத்துல வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. வேணும்கிற இடத்தை எட்டிக்கூடப் பாக்கலை," என்றாள் சோலாஞ், மதியச் சாப்பாட்டில்.

"அதுக்கும் எம்மேலதான் கோவமா? நானா கூப்பிட்டு வெச்சேன்?" என்றான் ரெஜிஸ். பூண்டு சூப்பைக் குடித்து முடித்து, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்ததில் தன் சிவப்பு ஒயினைத் தாராளமாக ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கி மடக்கென்று குடித்தான். அவர்கள் அப்பாவும் அப்படித்தான் குடிப்பார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டான். "பாத்தியா? சிவப்பை சூப்புலகூட ஊத்தலாம். உன் சர்க்கரைத் தண்ணியை எதுல ஊத்துறது?"

"உன் தலையில."

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, அவனுக்கு ஐம்பத்தைந்து. அப்பா போன பிறகு பத்தொன்பது வருடங்களாக இருவரும் சேர்ந்துதான் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். தெற்குப் பக்கம் முழுக்க சிவப்பு, அது அவன் ராஜ்ஜியம். வடக்குச் சரிவில் ஒன்றே கால் ஹெக்டேர் வெள்ளை, அது இவளுடையது. பத்திரத்தில் மட்டும் எல்லாமே இருவர் பெயரிலும் இருந்தது.

போன வருடம் உறைபனி மொட்டைக் கருக்கிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் மழை. இரண்டு வருடமாக வடக்குச் சரிவிலிருந்து ஒரு சொட்டு இனிப்பு ஒயின் இறங்கவில்லை. ஆகஸ்டில் ரெஜிஸ் வாய்விட்டே சொல்லிவிட்டான்: "அக்கா, இந்த வருஷம் ரெண்டு பீப்பாய் இறக்கிக் காட்டு, நான் வாயைத் திறக்கலை. இல்லேன்னா நவம்பர்ல சாந்த் கத்ரீன் திருநாள் அன்னிக்கு பொக்லைனைக் கூப்பிட்டு வெள்ளையைப் பிடுங்கிட்டு சிவப்பு நடுறேன். சரியா?" அவளும் ரோஷத்தில் சரி என்று கையைக் கொடுத்துவிட்டாள். கை கொடுத்த பிறகு பின்வாங்குவது அந்த வீட்டில் கிடையாது. அந்தத் திருநாளுக்கு, நவம்பர் இருபத்தைந்துக்கு, வண்டிக்காரனிடம் நாளும் குறித்தாகிவிட்டது.

இரண்டு பீப்பாய். மற்ற வருடங்களில் எட்டு இறக்கியவள். காலியாகக் கிடந்த இரண்டைத் தேர்ந்தெடுத்துக் கழுவி, கட்டை காய்ந்து பிளக்காமல் இருக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தத் தண்ணீரை மாற்றும்போது வானத்தைத் திட்டினாள்.

இருபதாம் தேதி காலை ஜன்னலைத் திறந்தாள். எதிரே இருந்த வாதுமை மரத்தைக் காணவில்லை. கொட்டகையைக் காணவில்லை. வெள்ளை வெளேரென்று பனி. சோலாஞ் இரவு உடையோடு முற்றத்துக்கு ஓடி, மூக்கில் ஈரம் பட நின்று, "வந்துட்டியா என் ராசா!" என்று கத்தினாள். பக்கத்து அறை ஜன்னலிலிருந்து ரெஜிஸ், "யாரு வந்தது?" என்றான்.

"உனக்கில்லைடா, போய்த் தூங்கு."

பத்து நாள் தப்பாமல் வந்தது பனி. பாதிக்குமேல் பழம் பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பாகி, தோல் சுருங்கி, மேலே சாம்பல் பூத்தது. பார்க்கச் சகிக்காது. சோலாஞ் தினமும் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். ஆரஞ்சு மர்மலேடும் தேனும் கலந்த மாதிரி இனிப்பு நாக்கில் வழிந்தது. முப்பதாம் தேதி, "நாளைக்கு வெட்டணும்," என்று முடிவு செய்தாள். அன்று மாலை வானிலை அறிக்கையும் அதையேதான் சொன்னது: முப்பத்தொன்று வெயில், அதற்கடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் மழை.

ஒரே ஒரு நாள். ஆள் எங்கே? எத்தனையோ வருடமாக அவளுக்கு வெட்டிக்கொடுத்த பெண்களில் இருவருக்கு முட்டி போய்விட்டது, ஒருத்தி மகளோடு துலூஸ் போய்விட்டாள், மிச்சப்பேர் இந்த வருடமும் வேலை இருக்காது என்று வேறு தோட்டங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ரெஜிஸிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. கேட்கவே அவளுக்கு நாக்கு கூசியது.

"என் பத்துப் பேரை எடுத்துக்கோ," என்றான் அவன், ஆச்சரியமாக உடனே. "இசவுராவோட கூட்டம். நல்லா வேலை செய்வாங்க. ஆனா எனக்குக் கடைசி லோடு நாளைக்குக் காலைலதான் வருது. பொறுக்கற மேசையில ஒரு ஆள் குறையுது, கோர்பெனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. மதியம் வரைக்கும் நீ வந்து நில்லு."

"நான் அங்க இல்லாம அவங்க எப்படிடா வெட்டுவாங்க? வெள்ளையில அவங்களுக்குப் பழக்கமே இல்லையே?"

"போன்ல சொல்லு. இல்லேன்னா ஆள் இல்லை. நீயே யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? தலையை ஆட்டினாள்.

சோலாஞ்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் யார் வந்தாலும், கத்தரியைக் கையில் கொடுக்கும் முன், பூஞ்சை பிடித்த பழம் ஒன்றைப் பறித்து அவர்கள் வாயில் போட்டுவிடுவாள். முகம் சுளிப்பார்கள், துப்பப் பார்ப்பார்கள், பிறகு கண் விரியும். அதன் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அன்று காலை அதற்கு அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. ஏழு மணிக்கே பொறுக்கும் மேசையில் நின்றாள்.

மேசை என்றால் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டை. ஒரு பக்கம் சிவப்புத் திராட்சை கொட்டும், மறுபக்கம் தொட்டிக்குள் விழும். நடுவில் நாலு பேர் நின்று அழுகியதைக் கண்டுபிடித்துப் பொறுக்கி வீசவேண்டும். அந்த வருடம் மூன்றில் ஒன்று அழுகல். பட்டை நிற்காது. தொண்டை கிழியக் கத்தினால்தான் எதிரில் நிற்பவருக்குக் கேட்கும்.

"அழுகினதை எடுத்துடுங்க! அந்தா, அந்தா போகுது பாரு! எடுத்துடுங்க!"

மூன்று மணி நேரமாக அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. மனசெல்லாம் வடக்குச் சரிவில். பனி விலகியிருக்குமா, ஈரம் காய்ந்திருக்குமா, கூட்டம் எந்த வரிசையில் தொடங்கியிருக்கும்? பத்து மணிக்குப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. இசவுராவின் குரல் செய்தி: "மதாம், இங்க அழுகினது ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. என்ன செய்யட்டும், சொல்லுங்க." கையெல்லாம் சிவப்புச் சாறு பிசுபிசுத்தது. முழங்கையால் பொத்தானை அழுத்தி, பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் பேசி அனுப்பினாள். கைப்பேசியைப் பையில் போட்டாள், மறுபடி கத்தத் தொடங்கினாள்.

பன்னிரண்டரைக்கு மேசை நின்றது. கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு குன்றைச் சுற்றி வடக்குச் சரிவுக்குப் போனாள்.

தூரத்திலேயே வரிசை ஓரத்தில் அடுக்கிய பெட்டிகள் தெரிந்தன. நிறையப் பெட்டிகள். அவளுக்கு முதலில் சந்தோஷம்தான். கிட்டே போனதும் கால் தானாக நின்றது. பெட்டிகளில் பளபளவென்று, பச்சையும் பொன்னுமாய், ஒரு புள்ளி இல்லாத, கடையில் வைத்து விற்கிற மாதிரியான திராட்சை இருந்தது.

இசவுரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். போர்ச்சுகலில் பிறந்து, ஆற்றின் கீழ்ப்பக்கத்துச் சிவப்புத் தோட்டங்களிலேயே இருபது வருடம் வெட்டி ஊறியவள். "பாருங்க மதாம்! பாதித் தோட்டம் முடிஞ்சிடுச்சு. ஒரு அழுகினது இருக்கா பாருங்க, ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, என் பேரை மாத்திக்கிறேன்."

சோலாஞ் கீழே பார்த்தாள். வரிசைகளுக்கு நடுவே புல்லில், ஒவ்வொரு கொடியின் அடியிலும், சாம்பல் பூத்த சுருங்கிய பழங்கள் கொத்துக் கொத்தாகக் கத்தரித்துப் போடப்பட்டிருந்தன. இரண்டு வருடம் காத்திருந்து, மூன்று வாரம் பல்லைக் கடித்து, பத்து நாள் ராசா என்று கொஞ்சி வரவழைத்தது எல்லாம் தரையில் கிடந்தது.

"அய்யோ!" என்றாள்.  பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. "நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! கத்தரியைக் கீழ போடுங்க! யாரு சொன்னது இப்படிச் செய்யச் சொல்லி? குடியைக் கெடுத்துட்டீங்களே!"

இசவுராவின் சிரிப்பு போய்விட்டது. "என்ன மதாம்?"

"அதுதான் வேணும்! கீழ போட்டிருக்கீங்களே, அதுதான்! இது குப்பை!" பெட்டியை ஒரு உதை விட்டாள். "ரெஜிஸ்தானே சொன்னான்? எனக்குத் தெரியும். வேணும்னே சொல்லியிருக்கான். எனக்கு ரெண்டு பீப்பாய் வரக்கூடாதுன்னு பழி வாங்கிட்டான்!"

அந்த நேரம் பார்த்து ரெஜிஸும் மேலே வந்து சேர்ந்தான், கடைசி லோடு முடிந்த நிம்மதியில், கையில் ரொட்டியோடு. அக்காவின் முகத்தைப் பார்த்து ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

"பாவி! வந்துட்டியா, கண் குளிரப் பாரு! நேராவே பொக்லைனைக் கூட்டிட்டு வந்திருக்கலாமேடா, எதுக்கு இந்த நாடகம்?"

"நான் என்ன செஞ்சேன்? காலைலேர்ந்து உன் எதிர்லதானே நின்னுட்டிருக்கேன்?"

"பின்ன யாரு சொன்னது?"

இசவுரா மெதுவாகத் தன் கைப்பேசியை எடுத்தாள். "மதாம், எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இந்தக் குன்றுல என்னமோ வேற மாதிரின்னு கேள்விப்பட்டிருக்கேன். அதான் வெட்டாம உங்களைக் கேட்டேன். நீங்க சொன்னது இதுதான்." பொத்தானை அழுத்தினாள்.

பட்டை ஓடும் இரைச்சலுக்கு மேலே, தொண்டை கிழிய, சோலாஞ்சின் சொந்தக் குரல் சரிவெங்கும் கேட்டது: "அழுகினதை எல்லாம் எடுத்துடுங்க! ஒண்ணுகூட விடக்கூடாது!"

 இருபது வருடம் சிவப்பில் வேலை செய்தவளிடம், சிவப்புத் தொட்டியின் இரைச்சலோடு, "எடுத்துடுங்க" என்றால் அவள் எடுத்து எறியாமல் வேறென்ன செய்வாள்? குன்றின் இந்தப் பக்கம் அந்த வார்த்தைக்கு எடுத்துக் கூடையில் வை என்று பொருள், அந்தப் பக்கம் எடுத்துத் தூர எறி என்று பொருள். பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் நடந்து பழகிய சோலாஞ்சுக்கு அது வித்தியாசமாகவே தோன்றியதில்லை. யாரைத் திட்டலாம் என்று சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் கிடைக்கவில்லை. தன் கன்னத்தில் தானே பட்டென்று ஒன்று போட்டுக்கொண்டாள்.

பிறகு குனிந்து புல்லிலிருந்து ஒரு சாம்பல் பழத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, இசவுராவின் வாயருகே நீட்டினாள். "தின்னு. காலைலயே செஞ்சிருக்கணும்."

இசவுரா பயந்துகொண்டே வாயைத் திறந்தாள். முகம் சுளித்தது. பிறகு மெல்வது நின்றது. கீழே கிடந்ததையெல்லாம் வரிசை வரிசையாகப் பார்த்தாள். "என் தாயே," என்றாள். திரும்பித் தன் ஆட்களிடம் போர்ச்சுகல் மொழியில் ஏதோ ஒரு அதட்டுப் போட்டாள். பத்துப் பேரும் முட்டி போட்டுப் புல்லில் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

சோலாஞ்சும் முட்டி போட்டாள். ரெஜிஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், ரொட்டியைப் பையில் வைத்தான், முனகிக்கொண்டே அவனும் உட்கார்ந்தான். "எனக்கும் இடுப்புப் பிடிக்கப்போகுது, பாத்துக்கிட்டே இரு," என்றான். ஆனால் புல்லில் விழுந்தது விழுந்ததுதான். மிதிபட்டது பாதி, எறும்பும் குளவியும் மொய்த்தது மீதி. தேறியது கொஞ்சம். கொடியில் மிஞ்சியிருந்த பாதித் தோட்டத்தில் சரியாக வெட்டத் தொடங்கி, இரண்டு வரிசை போவதற்குள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை மறுநாள் வரவேண்டியது. மூன்றரை மணிக்கே கொட்டிவிட்டது.

அது ஒன்பது நாள் விடாமல் பெய்தது. கொடியில் இருந்த மிச்சம் நீர் கோத்து, புளித்து, காடி நாற்றமடித்து வீணாய்ப் போனது.

பொறுக்கியதும் வெட்டியதுமாகப் பிழிந்து பார்த்தபோது, பீப்பாயின் அடி நனையும் அளவுக்குத்தான் சாறு இருந்தது. பீப்பாயில் வைத்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும் என்று ஒரே ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் ஊற்றினாள். இரண்டு பீப்பாய் எங்கே, ஒரு குடுவை எங்கே! ரெஜிஸ் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அக்கா. ஆனா பேசினது பேசினதுதான்."

"நான் மாட்டேன்னு சொன்னேனா?" என்று அவள் சீறினாள். வேறொருவன் கெடுத்திருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பாள். இது அவளாகவே வாயைத் திறந்து கெடுத்தது. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

அந்தப் பளபளப்புப் பெட்டிகளை என்ன செய்வது? எறிய மனமில்லாமல், கடமைக்குப் பிழிந்து ஒரு சின்ன எஃகுத் தொட்டியில் விட்டாள். அது பாட்டுக்குப் பொங்கியது, சர்க்கரை முழுவதையும் தின்றுவிட்டு அடங்கியது. அவள் அதை ருசித்துக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் இருபதாம் தேதி பெர்ஜராக்கிலிருந்து அமெதே வந்தான். அங்கே பெரிய உணவகம் நடத்துகிறவன். வருடா வருடம் ரெஜிஸின் புதுச் சிவப்பை ருசி பார்க்க வருவான், பாதி ருசி, பாதி அரட்டை. சிவப்பை வாயில் போட்டுக் கொப்பளித்துத் துப்பினான். "நல்லாயிருக்கு," என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில். அழுகல் வருடத்துச் சிவப்புக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மூலையில் இருந்த எஃகுத் தொட்டியைக் காட்டினான். "அதென்ன?"

"அது ஒண்ணுமில்லை. அக்கா பண்ணின கூத்து," என்றான் ரெஜிஸ்.

அமெதே குழாயைத் திறந்து பிடித்தான். முகர்ந்தான். குடித்தான். துப்பவில்லை. இன்னொரு முறை பிடித்தான்.

"எலே ரெஜிஸ், இதை மறைச்சு வெச்சுக்கிட்டு எனக்கு அந்தத் தண்ணியைக் குடுத்தியா? கொஞ்சங்கூட இனிப்பில்லை, ஆனா வாசனையைப் பாரு! கடல் சிப்பி சாப்பிடறப்ப குடிக்க இதைவிட என்ன வேணும்? இதைப் பூரா நான் எடுத்துக்கிறேன். அடுத்த வருஷத்துதையும் இப்பவே சொல்லி வெச்சுக்கிறேன்."

ரெஜிஸ் ஒரு கிண்ணம் குடித்தான். புருவம் மேலே போனது. இன்னொரு கிண்ணம் குடித்தான்.

சோலாஞ் கண்ணாடிக் குடுவையிலிருந்து ஒரு விரற்கடை ஊற்றி அமெதேயிடம் நீட்டினாள். இன்னும் கலங்கலாக, அம்பர் நிறத்தில் மின்னியது. அவன் அதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினான். "அற்புதம்," என்றான். "உண்மையிலேயே அற்புதம். ஆனா மதாம் சோலாஞ், கோவிச்சுக்காதீங்க, இதை யாரு கேக்கறா? கிறிஸ்துமஸுக்கு வாத்து ஈரலோட ஆளுக்கு ஒரு மடக்கு. அதோட சரி, அடுத்த கிறிஸ்துமஸ்தான்."

அவன் வண்டி வாசலைத் தாண்டுமுன்பே ரெஜிஸ் பொக்லைன்காரனைக் கூப்பிட்டுவிட்டான். "ஹலோ, ஆமா, நான்தான். சாந்த் கத்ரீன் அன்னிக்கு வர வேணாம். இல்லைப்பா, தள்ளி வைக்கலை. வரவே வேணாம்."

சோலாஞ் அங்கேயே நின்றாள். கொடி பிழைத்தது. இரண்டு வருடமாக எதற்காக உயிரை விட்டாளோ, அது பிழைத்துவிட்டது. அவள் பொத்திப் பொத்தி வளர்த்த இனிப்பினால் இல்லை. குப்பை என்று அவளே எட்டி உதைத்த பெட்டியால் பிழைத்தது. கும்பிடுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் கை வரவில்லை.

ரெஜிஸ் அவள் தோளில் தட்டினான். அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம். "பாத்தியாக்கா? உன் வாயால கெட்டதுன்னு அழுதியே, உன் வாயாலதான் பிழைச்சது. அடுத்த வருஷமும் அதே மாதிரிதான், சொல்லிட்டேன். அழுகினதை எல்லாம் எடுத்துடு. ஒண்ணுகூட விடாத."

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரக் குடுவையைப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அதுவும் ஓரத்தில்.

"எடுத்துடறேன்டா," என்றாள். "ஒண்ணுகூட விட மாட்டேன்."

அவன் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். அவள் கொட்டகைக்குப் போய், இரண்டு காலிப் பீப்பாய்களிலும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினாள். அன்று திங்கட்கிழமைகூட இல்லை.